நூற்று முப்பத்தெட்டு

துய்தாமாவில் மூன்றரை மணிக்கே
என் அடுப்பு எழுந்துவிடும்.
பாலாடைக்கட்டி பிசைந்த மாவை
உருட்டி உருட்டி இருபத்திரண்டு வருடம்.
உப்பு சரியா என்று ஒன்று,
உள்ளே வெந்ததா என்று ஒன்று,
உடைந்ததை யார் வாங்குவார் என்று இன்னொன்று.
இப்படித்தான் ஏறியது.

மாவு மூட்டைத் தராசில்தான் எடை பார்ப்பேன்,
யெய்சன் பால் வாங்கப் போன சமயமாக.
மூட்டை ஐம்பது கிலோ.
மார்ச் மாதம் நான்
ஒன்றரை மூட்டையும் ஏழு கிலோவும்.

டாக்டர் ஃபாகுவா மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஓர் எண்ணை எழுதினாள். 138.
"இதயம் இதைத் தாண்ட விடாதீர்கள்."
இவ்வளவு மெதுவாகவா, என்றேன்.
"இவ்வளவு மெதுவாகப் போனால்தான்
நாளைக்கும் போவீர்கள்."

நெஞ்சில் கட்டும் பட்டை
குளிரில் பாம்புபோல் இருக்கும்.
எச்சில் தொட்டு ஈரமாக்கினால்தான்
நான் உயிரோடிருப்பதை ஒப்புக்கொள்ளும்.
அதுவரை கைக்கடிகாரத்தில்
இரண்டு கோடுகள்.

ஞாயிற்றுக்கிழமை.
நுபியாவும் ஸொராய்தாவும் என்னைக் கடந்து போகிறார்கள்.
"வா, வா" என்று கையசைத்தபடி
யூகலிப்டஸ் மரங்களுக்குள் மறைகிறார்கள்.
நான் மிதிப்பதைக் கூட்டவில்லை. சத்தியம்.
அவர்கள் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
132. 136. 141.
ரோஷத்துக்கு ஒன்பது துடிப்பு.

வெங்காயத்தாள் ஏற்றிய லாரி
உரசிப் போனதற்குப் பதினொன்று.
அந்த நீலக் கேட் வீட்டு நாய்க்கு
நான் எப்போதும் தருவது இருபது.
இதையெல்லாம் சீட்டில் எழுத
டாக்டரிடம் இடமில்லை.

ஒருநாள் பால்காரர் ஒருவர்
ரப்பர் பூட்ஸ், ரூவானா,
பின்னால் இரண்டு கேன்,
துருப்பிடித்த சைக்கிளில் என்னை முந்தினார்.
ஏற்றத்தில்.
சீட்டியடித்துக்கொண்டு.
நான் 137-இல் இருந்தேன்.
கேனுக்குள் பால் தளும்பும் சத்தம்
வளைவுவரை கேட்டது.

ஜூலையில் தராசு சொன்னது:
ஒன்றரை மூட்டை, நாலு கிலோ.
குனிந்து பார்த்தேன்.
யெய்சன் முட்டு ஏதும் கொடுத்திருக்கவில்லை.
அன்று உடைந்ததை அவனே தின்றான்.
எண்ணிப் பார்த்தால்
நான் தின்னாத இருபத்தாறாவது.
எண்ணக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு ஆகஸ்ட்.
பாய்பாவைத் தாண்டி, மேட்டின் அடியில்,
பட்டையின் பேட்டரி தீர்ந்தது.
மறுபடி இரண்டு கோடுகள்.
எச்சில் தொட்டேன். தட்டினேன்.
என் இதயம் அங்கே இல்லை என்றது.

திரும்பிவிடலாம்.
மேகம் வேறு இறங்குகிறது.
அப்போது டாக்டர் சொன்ன இன்னொன்று:
எண் இல்லாவிட்டால் பேசிப் பாருங்கள்,
ஒரு முழு வாக்கியம்,
நடுவில் மூச்சு வாங்காமல்.

முதலில் ஜெபம் சொன்னேன்.
அது பயன்படாது.
பள்ளிக்கூடத்தில் கன்னிகாஸ்திரீகள்
ஒரே மூச்சில் சொல்லப் பழக்கிவிட்டார்கள்.
தூக்கத்திலும் வரும், ஓட்டத்திலும் வரும்.
வேறென்ன மனப்பாடம் எனக்கு?

ஆக, சின்ன கியருக்கு மாற்றிக்கொண்டு
உரக்கச் சொல்லத் தொடங்கினேன்:
"அல்மோஹாபனா இரண்டாயிரம்,
சோள ரொட்டி ஆயிரத்து எண்ணூறு,
கொய்யா வைத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு,
நேற்றையது பாதி விலை…"
பாதி விலையில் மூச்சு முட்டினால்
வேகத்தைக் குறைப்பேன்.
முட்டாவிட்டால்
மறுபடி முதலிலிருந்து.

பசுக்கள் தலைதூக்கிப் பார்த்தன.
எத்தனை தரம் சொன்னேனோ.
ஒரு தரம் பட்டியல் முடிந்து
கடன் கிடையாது என்பதுவரை வந்துவிட்டது.
அதை நான் சேர்க்கவே இல்லை,
மிச்ச மூச்சு தானாகச் சேர்த்தது.

உருளைக்கிழங்கு வயலில் நிமிர்ந்த ஒருத்தி
மண்வெட்டியில் சாய்ந்து கத்தினாள்:
"கொய்யா வைத்ததில் நாலு!
சூடாக இருக்கிறதா?"

சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்தால் எத்தனை துடிப்பு என்று
பார்க்க வழியில்லை.
"நாளைக்கு!" என்றேன்.
ஒரு சொல்தான். அதுவும் பாதி.

நாளைக்கு, அப்படியானால்,
முதுகுப் பையில் நாலு ரொட்டியோடு
இதே மேட்டை ஏற வேண்டும்.
சூடு ஆறுவதற்குள் வந்து சேர
138 போதாது.
டாக்டரிடம் கேட்க வேண்டும்.